நீங்கள்தான் அம்பயர்!

பேட்டிங் செய்யும் அணியில் ஒருவர் அம்பயராக நிற்பதுதானே நம் மைதான வழக்கம்? இன்று நீங்கள் நிற்கிறீர்கள். ஜெயிக்க இன்னும் இரண்டே ரன். உங்கள் நண்பன் ரன் அவுட்! உங்கள் கண்ணெதிரே நடந்தது. "நாட் அவுட் சொல்லுடா!" என்று உங்கள் அணியே கத்துகிறது. என்ன செய்வீர்கள்?

எதிரணி "ஹவ் ஈஸ் தட்?" என்று கத்தினால் கோபப்படாதீர்கள். அப்படிக் கேட்காமல் அவுட் கொடுக்கக் கூடாது என்பதே கிரிக்கெட் விதி. பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். விரலை நன்றாக உயர்த்துங்கள், வாக்குவாதம் வேண்டாம்.

கேலி செய்பவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். அவர்களைக் கவனித்தால் அடுத்த பந்தைக் கவனிக்க முடியாது. வீரர்கள் சண்டைக்கு வந்தால் கேப்டனை அழையுங்கள். அணியினரின் நடத்தைக்கு விதிப்படி அவரே பொறுப்பு. கோச் கோபித்தால், "ஆட்டம் முடிந்ததும் பேசலாம் சார்" என்று பணிவாகச் சொல்லுங்கள்.

சந்தேகம் வந்தால் ஸ்கொயர் லெக் அம்பயரைக் கேளுங்கள். தவறு என்று தெரிந்தால் உடனே முடிவை மாற்றலாம். விதி அதை அனுமதிக்கிறது. ஆனால், சத்தத்துக்குப் பயந்து மாற்றாதீர்கள்.

இன்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அதே நண்பன், நாளை உங்களுக்கு எதிரணியில் ஆடும்போது, "நீயே அம்பயரா நில்லு" என்பான், பாருங்கள்!