கிரேக்க ஸ்டேக் சாண்ட்விச்: எங்கே ஈரம், எங்கே உலர்ச்சி

ஏதென்ஸ் நகரத்தில் கம்பியில் குத்திச் சுட்ட கறி விற்கும் சுவ்லாக்கிக் கடைகளில் ஒரு பிட்டா ரொட்டி கேட்டால், சுட்ட கறி, தக்காளி, வெங்காயம், பூண்டுத் தயிர் ஆகியவற்றோடு ஒரு கைப்பிடி உருளைக்கிழங்கு ஃப்ரைஸையும் ரொட்டிக்குள்ளேயே வைத்து மடித்துத் தருவார்கள். ஃப்ரைஸைத் தனித் தட்டில் வாங்கிப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். ஒரு கடி கடித்தால் காரணம் விளங்கிவிடும். கறியின் சாற்றையும் தயிரையும் கிழங்கு வாங்கிக்கொள்கிறது. மெத்தென்ற பொருள்களுக்கு நடுவே மொறுமொறுப்பாக ஒன்று பல்லில் படுகிறது.

அந்தக் கடைகளில் பெரும்பாலும் பன்றிக் கறிதான். அதன் இடத்தில் மாட்டிறைச்சி ஸ்டேக்கை வைத்து வீட்டில் எப்படிச் செய்வது என்று இங்கே பார்க்கலாம். கிரேக்கத்தில் ஸ்டேக் பழைய உணவு கிடையாது. மலையும் பாறையுமான நாடு அது. மேய்ச்சல் ஆட்டுக்கே ஏற்றது, மாடு உழவுக்கு வேண்டியிருந்தது. ஆனால் கறியைக் கம்பியில் குத்திச் சுடும் வழக்கம் மிகப் பழையது. சான்டோரினித் தீவில் எரிமலைச் சாம்பலுக்குள் புதைந்துபோன அக்ரோதிரி என்ற ஊரை அகழ்ந்தபோது, கம்பிகள் உட்காரும் பள்ளங்களோடு சுடுமண் தாங்கிகள் கிடைத்தன. அவற்றுக்கு வயது 3,500 ஆண்டுகளுக்கு மேல். செங்குத்தாகச் சுழலும் கம்பியில் கறியை அடுக்கிச் சுட்டுச் சீவித் தரும் யீரோஸ் மிகவும் பிந்தியது. துருக்கியின் டோனர் கபாபின் வழித்தோன்றல் அது; கிரேக்க-துருக்கிப் போர் 1922இல் பேரழிவாக முடிந்த பின் ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிகளோடு கிரேக்கத்துக்குள் வந்தது. பிறகு அமெரிக்காவில் குடியேறிய கிரேக்கர்கள் மாட்டிறைச்சிக்கு மாறினார்கள். 1970களில் சிகாகோவில் மாட்டிறைச்சியையும் ஆட்டிறைச்சியையும் அரைத்துச் சேர்த்த பெரிய கறிக் கூம்புகள் தொழிற்சாலைகளிலேயே உருவாயின. மாட்டிறைச்சியும் கிரேக்கச் சுவையும் ஒரே ரொட்டிக்குள் சேர்ந்து பழகியது இந்தப் புலம்பெயர்ந்த சமையலில்தான்.

வீட்டில் இதைச் செய்பவர்கள் சுவையில் தவறுவது குறைவு. எலுமிச்சை, பூண்டு, ஆலிவ் எண்ணெய், ஆரிகானோ நான்கும் இருந்தால் சுவை தானே வந்துவிடும். தவறுவது ஈரத்தில். கறி வறண்டுபோகிறது, ஃப்ரைஸ் துவண்டுபோகிறது, தயிர் நீர்விடுகிறது, ரொட்டி ஊறிக் கிழிகிறது. தண்ணீர் எங்கே இருக்க வேண்டும், எங்கிருந்து போக வேண்டும் என்பதைப் புரிந்துகொண்டால் நான்கையும் சரிசெய்துவிடலாம்.

முதலில் கறி. கொழுப்பு நீக்கிய இறைச்சியில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர்தான். தசை நார்களுக்குள் இருக்கும் புரத இழைகளின் இடைவெளியில் அது தங்கியிருக்கிறது. சூடேற ஏற அந்தப் புரதங்கள் ஒவ்வொன்றாக உருமாறுகின்றன. 50 டிகிரி செல்சியஸை ஒட்டி மயோசின் உறையத் தொடங்குகிறது. கறி கொழகொழப்பு நீங்கி இறுகுகிறது. 60 டிகிரியைத் தாண்டும்போது நார்களைச் சுற்றியுள்ள கொலாஜன் உறை சுருங்கி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவதுபோல் சாற்றை வெளியே தள்ளுகிறது. 70 டிகிரியை நெருங்கினால் ஆக்டின் என்ற புரதமும் இறுகிப்போகும். அதன் பிறகு கறியை எவ்வளவு மென்றாலும் சாறு இருக்காது. ஸ்டேக்கை 54 முதல் 57 டிகிரிக்குள் நிறுத்தச் சொல்வதன் காரணம் இதுதான். மயோசின் உறைந்திருக்கும், பிழிதல் இன்னும் தொடங்கியிருக்காது.

அந்தச் சூட்டில் நடுப்பகுதி இளஞ்சிவப்பாக இருக்கும். அதை இரத்தம் என்று நினைத்துப் பலர் ஒதுங்குகிறார்கள். அந்தச் சிவப்பு மயோகுளோபின், தசைக்குள் ஆக்சிஜனைச் சேமித்து வைக்கும் புரதம். முப்பரிமாண வடிவம் முதன்முதலில் கண்டறியப்பட்ட புரதமும் அதுவே. 1958இல் அதைச் செய்துகாட்டிய ஜான் கென்ட்ரூவுக்கு 1962இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 60 டிகிரிக்கு மேல் போகப் போக மயோகுளோபின் உருக்குலைந்து பழுப்பாகிறது. கிருமி பற்றிய அச்சத்துக்கும் ஒரு விளக்கம் உண்டு. அரைக்காத முழுத் துண்டில் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும். அனல் பட்டதும் அவை அழிந்துவிடும். அரைத்த கறியிலோ மேற்பரப்பு முழுதும் உள்ளே கலந்துவிடுவதால் 71 டிகிரி வரை வேகவைத்தே தீர வேண்டும். முழுத் துண்டுக்கு அமெரிக்க வேளாண் துறை சொல்வது 63 டிகிரி, பிறகு 3 நிமிடம் ஆறவிடுதல். கர்ப்பிணிகளும் முதியவர்களும் சிறு குழந்தைகளும் சாப்பிடுவதாக இருந்தால் அதற்குக் கீழே இறங்கவே கூடாது. இந்தச் சாண்ட்விச்சுக்கு 63 டிகிரி ஒரு குறையும் இல்லை என்பது என் கருத்து: மெல்லியதாகச் சீவித் தயிரோடு சேர்த்து உண்பதால் கறி சற்றுக் கூடுதலாக வெந்தாலும் தெரியாது.

உள்ளே ஈரம் வேண்டும். மேற்பரப்பில் துளியும் கூடாது. 1912இல் பிரெஞ்சு அறிஞர் லூயி கமீல் மயார் விவரித்த வினைதான் வறுத்த கறியின் பழுப்பு நிறத்துக்கும் மணத்துக்கும் ஊற்று. அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் கூடி நூற்றுக்கணக்கான மணப்பொருள்களை உண்டாக்குகின்றன. அது வேகம் எடுக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். ஆனால் கறியின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடம் 100 டிகிரியைத் தாண்டாது. அடுப்பின் சூடெல்லாம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும். கறி வறுபடாமல் சாம்பல் நிறத்தில் அவிந்துபோவது அப்படித்தான்.

ஆகவே முதல் நாள் இரவே அரைக் கிலோ ஸ்டேக்குக்கு ஒரு தேக்கரண்டி உப்பு தடவி, மூடாமல் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும். சற்று நேரத்தில் அந்த உப்புநீர் மெல்ல உள்ளே திரும்பும், நார்களின் புரதத்தைத் தளர்த்தி ஈரத்தைப் பிடித்துவைக்கும் திறனைக் கூட்டும். மேற்பரப்பு காற்றில் உலரும். நேரம் இல்லையென்றால், அடுப்பில் போடும் நொடியில் உப்புப் போடுவது நல்லது. உப்புப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துச் சமைப்பதுதான் இருப்பதிலேயே மோசம். வெளியே வந்த நீர் முழுதும் மேலேயே நின்றிருக்கும்.

கனமான இரும்பு வாணலி வேண்டும். தடித்த இரும்புத் தோசைக்கல்லும் அருமையாக உதவும். அடர்ந்த இரும்பு நிறைய வெப்பத்தைச் சேர்த்து வைத்திருப்பதால், குளிர்ந்த கறி விழுந்ததும் சூடு சட்டென்று இறங்காது. லேசாகப் புகை எழும்வரை காயவைத்து, துடைத்த கறியைப் போடவும். ஒரு பக்கத்தை அசைக்காமல் விட வேண்டும் என்ற பழைய அறிவுரையைப் பின்பற்றத் தேவையில்லை. நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பினால் இரு பக்கமும் சீராக, இன்னும் விரைவாகவே வேகும். வறுத்தால் கறியின் மேல் ஓர் உறை உண்டாகிச் சாறு உள்ளேயே அடைபடும் என்ற நம்பிக்கையும் தவறு. 1847இல் ஜெர்மானிய வேதியியலாளர் யுஸ்டுஸ் ஃபான் லீபிக் பரப்பிய கருத்து அது. சோதனைகள் அதைப் பொய்யாக்கி வெகுகாலம் ஆகிறது. கல்லில் கேட்கும் 'சுர்ர்' என்ற ஓசையே நீர் வெளியேறிக்கொண்டிருப்பதன் அடையாளம். வறுப்பது மணத்துக்காக.

குறி வைத்த சூட்டுக்கு மூன்று நான்கு டிகிரி முன்பே கறியை எடுத்துவிடலாம். வெளிப்புறச் சூடு உள்ளே பரவி மீதியை முடித்துவைக்கும். பூண்டையும் எலுமிச்சையையும் வறுப்பதற்கு முன் சேர்க்க வேண்டாம். பூண்டு கருகிக் கசக்கும். புளிப்பு மயார் வினையை மந்தமாக்கும். கிரேக்கர்கள் சுட்ட கறியின் பக்கத்தில் எலுமிச்சைத் துண்டை வைப்பது சரியான முறை. ஐந்து நிமிடம் ஆறிய பிறகு, நார் ஓடும் திசையைப் பார்த்து அதற்குக் குறுக்கே மெல்லியதாகச் சீவுங்கள். நீண்ட நார்களைக் கத்தி வெட்டித் தந்துவிட்டால் பல்லுக்கு வேலை மிச்சம். வயிற்றுப்புறச் சதை போன்ற விலை குறைந்த பாகங்கள் இப்படிச் சீவினால் மட்டுமே சாண்ட்விச்சுக்கு ஆகும்.

அடுத்து உருளைக்கிழங்கு. அது கிரேக்கத்துக்கு வந்த கதை சுவையானது. 1828இல் நாட்டின் முதல் ஆளுநராகப் பொறுப்பேற்ற இயோனிஸ் கபோதிஸ்த்ரியாஸ், மக்கள் இந்தப் புதுக் கிழங்கைத் தொட மறுப்பதைக் கண்டு, அதைக் குவித்து வைத்துக் காவல் போட்டாராம். காவல் காக்கும் அளவுக்கு மதிப்புள்ளது என்று எண்ணி மக்கள் திருடத் தொடங்கினார்களாம், காவலர்களும் கண்டுகொள்ளவில்லையாம். பிரான்சில் உருளைக்கிழங்கைப் பரப்பிய பார்மாந்தியேவைப் பற்றியும் இதே கதைதான் வழங்குகிறது. அதனால் கதையைக் கதையாகவே வைத்துக்கொள்வோம். இன்று நாக்ஸோஸ் தீவுக் கிழங்குக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடே இருக்கிறது.

கிழங்கில் ஐந்தில் நான்கு பங்கு நீர். ஃப்ரைஸ் செய்வது என்பது அதன் வெளிப்புறத்திலிருந்து நீரை ஓட்டிவிட்டு, உட்புறத்தை மாவாக வேகவைப்பது. இரண்டுக்கும் வெவ்வேறு சூடு தேவை என்பதால் இரண்டு முறை பொரிக்கிறோம். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் நறுக்கி, மேலே ஒட்டிய மாவும் சர்க்கரையும் போகும்படி தண்ணீரில் அலசுங்கள். பிறகு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் சேர்த்த நீரில் சற்றே வேகவைப்பது நல்ல பலன் தரும். செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் புளிப்பில் எளிதில் கரையாது. துண்டுகள் வெந்தாலும் உடையாமல் நிற்கும். வடித்து, ஆவி அடங்கும்வரை உலர்த்தி, 160 டிகிரி எண்ணெயில் நிறம் மாறாமல் ஐந்து நிமிடம் பொரித்து எடுத்து ஆறவிட வேண்டும். பரிமாறுவதற்குச் சற்று முன் 185 டிகிரியில் மறுபடி. எண்ணெயில் எழும் குமிழிகள் கிழங்கை விட்டு ஓடும் நீராவி. அவை அடங்கத் தொடங்கும்போது மேல்தோல் உலர்ந்துவிட்டது என்று அறியலாம்.

பொரிந்துகொண்டிருக்கும்போது கிழங்கு எண்ணெயை அதிகம் குடிப்பதில்லை. உள்ளிருந்து பாயும் ஆவி எண்ணெயை எதிர்த்துத் தள்ளுகிறது. வெளியே எடுத்து ஆறும்போது ஆவி நீராகச் சுருங்க, அந்த வெற்றிடத்துக்குள் மேலே ஒட்டிய எண்ணெய் உறிஞ்சப்படுகிறது. எனவே எடுத்த கணமே நன்றாக உதறுங்கள், அந்தச் சில நொடிகள்தான் முக்கியம். கிரேக்க வீடுகளில் ஆலிவ் எண்ணெயிலேயே பொரிப்பார்கள். கடலை எண்ணெயும் நன்றாக இருக்கும். பச்சைக் கிழங்கைக் குளிர்பதனப் பெட்டியில் வைக்காதீர்கள். குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறும், பொரிக்கும்போது சீக்கிரம் கருகும், உடலுக்குத் தீங்கு தரக்கூடும் என்று கருதப்படும் அக்ரிலமைடும் கூடும். பொரித்த மாவுப் பண்டங்களில் அந்த வேதிப்பொருள் இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2002இல் அறிவித்தார்கள். பொன்னிறத்தோடு நிறுத்திவிடுவது நல்லது.

சூடாக இருக்கும்போதே உப்பு, ஆரிகானோ, உதிர்த்த ஃபெட்டா மூன்றையும் தூவ வேண்டும். ஃபெட்டா என்ற பெயருக்கு ஐரோப்பாவில் சட்டப் பாதுகாப்பு உண்டு: கிரேக்கத்தில், குறைந்தது 70 விழுக்காடு செம்மறியாட்டுப் பால், மீதி வெள்ளாட்டுப் பால் கொண்டு செய்ததை மட்டுமே அந்தப் பெயரில் விற்கலாம். ஆரிகானோ கிடைக்காதவர்கள் தொட்டியில் வளரும் கற்பூரவல்லியை நினைத்துக்கொள்ளுங்கள். கிரேக்க ஆரிகானோவின் மணத்துக்குக் காரணமான கார்வக்ரால் இந்த இலையிலும் உண்டு. தடித்த இலை நீர் நிறைந்தது என்பதால் பொடியாக நறுக்கி, கடைசியில் மட்டும் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும்.

ட்சாட்ஸிகி எனப்படும் பூண்டுத் தயிருக்கும் நீரை ஓட்டும் அதே விதி. தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டால் சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும். வெள்ளரிக்காயில் 95 விழுக்காடு நீர். துருவி உப்பிட்டு அரை மணி கழித்து ஒட்டப் பிழிய வேண்டும். பூண்டின் காரம் நசுக்கும்போது பிறப்பது: செல்கள் உடைந்து ஒரு நொதி வெளிப்பட்டு அல்லிசினை உண்டாக்குகிறது. வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போட்டு நசுக்கினால் புளிப்பு அந்த நொதியை அடக்கும், காரம் மிதமாகும். ஆலிவ் எண்ணெயும் புதினாவும் சேர்த்துக் குளிரவைத்தால் முடிந்தது.

கிரேக்கப் பிட்டா பை போலத் திறக்காது. சற்றுத் தடித்த, மெத்தென்ற ரொட்டி. கறி ஆறும் ஐந்து நிமிடத்தில் அதே கல்லில், கறி விட்ட கொழுப்பில் இரு பக்கமும் வாட்டிக்கொள்ளுங்கள்; எண்ணெய் படிந்த பக்கம் சாற்றை எளிதில் உறிஞ்சாது. ஃப்ரைஸின் இரண்டாம் பொரிப்பும் அப்போதே நடக்கட்டும். ட்சாட்ஸிகியைத் தடவி, கறியைப் பரப்பி, விதை நீக்கிய தக்காளியும் வெங்காயமும் வைத்து, எலுமிச்சை பிழிந்து, ஃப்ரைஸை எல்லாவற்றுக்கும் மேலே கடைசியாகச் செருகுங்கள். கறி மீந்துபோனால் மறுபடி சூடாக்க வேண்டாம், இன்னும் வெந்து அது வறண்டுவிடும். குளிர்ந்தபடியே சீவி, மிச்ச ஃபெட்டாவும் வெள்ளரியும் சேர்த்து மறுநாள் சாலட்டாகச் சாப்பிடலாம்.