கரையேறிய சரக்கும் கரையைத் தந்தவர்களும்

முளா நதிக்கரையில் விளைநிலங்கள் சூழ்ந்த கிராமமாக இருந்து, அண்டையிலுள்ள ஹிஞ்சவடியில் கணினித் தொழில் வேரூன்றியபின் அடுக்குமாடி வீடுகளால் நிரம்பிவிட்ட புனேயின் வாகட்டை ஒட்டிச் செல்லும் நெடுஞ்சாலையில், பெங்களூர், கோலாப்பூர், சாத்தாரா ஆகிய திசைகளிலிருந்து வரும் கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் மும்பை மார்க்கமாகச் சென்றவண்ணம் இருக்கின்றன. அவற்றுள் பலவும் சென்று சேருமிடம் மும்பை நகரமன்று. அதன் எதிர்க்கரையில், ராய்காட் மாவட்டத்து உரண் தாலுகாவில் அமைந்த நாவா ஷேவா துறைமுகமே. நம் நாட்டில் கண்டெய்னர் முனையத்தை நடத்தும் உரிமை முதன்முதலில் ஒரு தனியார் கம்பெனிக்குக் கிடைத்தது அங்கேதான்.

கப்பல் சரக்கைக் கையாளும் தொழில் நெடுங்காலம் மனிதனின் முதுகையே நம்பியிருந்தது. பம்பாயில் 1880-ல் பிரின்சஸ் டாக், 1888-ல் விக்டோரியா டாக், 1914-ல் அலெக்சாண்டிரா டாக் என்று துறைகள் பெருகியபோதும், மூட்டைகளைக் கொக்கியால் இழுத்து, சுமந்து, அடுக்கியவர்கள் அன்றாடம் துறைவாசலில் வேலைக்குக் காத்து நின்ற கூலித் தொழிலாளிகளே. அவர்களுடைய வேலைக்கு ஓர் ஒழுங்கும் ஊதியத்துக்கு ஓர் உத்தரவாதமும் தேடியே 1948-ல் டாக் தொழிலாளர் சட்டம் இயற்றப்பட்டது.

1956 ஏப்ரல் 26 அன்று மால்கம் மக்லீன் என்ற லாரி முதலாளி அமெரிக்காவின் நியூவார்க்கிலிருந்து 58 கண்டெய்னர் பெட்டிகளைக் கப்பலேற்றி ஹூஸ்டனுக்கு அனுப்பியதிலிருந்து இத்தொழிலின் இயல்பே மாறத் தொடங்கியது. தொழிற்சாலையில் முத்திரையிட்ட பெட்டி வாங்குபவரின் வாசலில்தான் திறக்கப்படும் என்றான பிறகு, துறைமுகத்துக்கு வேண்டியவை ஆழமான நீரும் அகன்ற மைதானமும் பெரிய கிரேன்களுமே. 1973-ல் முதல் கண்டெய்னர் கப்பல் கொச்சியை அடைந்தபோது, நகரத்தின் நடுவே நெருக்குண்டிருந்த பம்பாய்த் துறைகளில் அத்தகைய கப்பல்களுக்குப் போதிய இடமில்லை. இக்குறையைத் தீர்க்க எழுந்த நாவா ஷேவா துறைமுகத்தைப் பிரதமர் ராஜீவ் காந்தி 1989 மே 26 அன்று நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

பொருளாதாரக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின், 1997-ல், அங்கே ஒரு முனையத்தை நடத்த ஆஸ்திரேலியாவின் பி அண்ட் ஓ போர்ட்ஸ் தலைமையிலான கூட்டுக்கு 30 ஆண்டு உரிமம் வழங்கப்பட்டது. 600 மீட்டர் நீளமுள்ள கப்பல் மேடையைத் தன் செலவில் கட்டி, கையாளும் ஒவ்வொரு பெட்டிக்கும் துறைமுகத்துக்குப் பங்குத்தொகை செலுத்தி, உரிமக் காலம் முடிந்ததும் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் சாரம். நாவா ஷேவா இன்டர்நேஷனல் கண்டெய்னர் டெர்மினல் என்ற பெயர்கொண்ட அக்கம்பெனி 1999-ல் இயங்கத் தொடங்கியது. அருகிலேயே துறைமுகம் தானே நடத்திய முனையமும் அதனோடு போட்டியிட வேண்டியதாயிற்று. 2006-ல் பி அண்ட் ஓ ஸ்தாபனத்தை துபாயின் டிபி வேர்ல்டு வாங்கியதால் இம்முனையமும் கைமாறியது. அதே ஆண்டில் மெர்ஸ்க் குழுமத்தின் முனையமும், 2018-ல் சிங்கப்பூரின் பிஎஸ்ஏ முனையமும் அக்கம்பக்கத்தில் எழுந்தன. 2024-25 நிதியாண்டில் துறைமுகம் முழுவதுமாகக் கையாண்டது, இருபதடிப் பெட்டிக் கணக்கில், ஏறத்தாழ 73 லட்சம்.

இவ்வளவோடு சரித்திரம் பூர்த்தியாகிவிட்டதென்று நான் கருதவில்லை. நவி மும்பைக்கும் துறைமுகத்துக்குமாக நிலம் எடுக்கப்பட்டபோது, நியாயமான ஈடு கோரி டி.பா. பாட்டீல் தலைமையில் திரண்ட உரண் விவசாயிகள்மீது 1984 ஜனவரியில் போலீசார் சுட்டதில் ஐவர் உயிர்துறந்தார்கள். அப்போராட்டத்தின் பலனாகவே, எடுத்த நிலத்தில் 12.5 சதவீதத்தைச் சீர்செய்து உரியவர்களுக்கே திருப்பித் தருவது என்ற ஏற்பாடு பிறந்தது. ஆயினும் துறைமுகத்துக்கு நிலம் தந்தவர்களுக்கு அதற்கான கடிதங்களைப் பிரதமர் வழங்கியது 2014 ஆகஸ்டில்தான். ஷேவா கிராமத்திலிருந்து பெயர்க்கப்பட்டு ஹனுமான் கோளிவாடாவில் குடியேற்றப்பட்ட மீனவர்களோ, போதிய இடமின்றியும் கரையான் அரித்த வீடுகளிலும் வாழ்ந்து, முறையான மறுகுடியமர்வுக்காக நெடுங்காலம் மன்றாடினார்கள்.

கப்பல் விரைவாகத் திரும்புவதால் வியாபாரம் செழிக்கிறது. அந்தச் செழிப்பில் வாகட்டில் குடியிருக்கும் நமக்கும் பங்குண்டு. பெட்டி ஒவ்வொன்றுக்கும் பங்குத்தொகையை எண்ணி வாங்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, கரையைத் தந்த குடும்பங்களுக்கு உரியதை எண்ணிக் கொடுப்பதும் கடமையே. முனையங்களின் உரிமையாளர்கள் மாறலாம், உரிமங்கள் காலாவதியாகலாம். கரையை இழந்தவர்களுக்கு நாம் பட்ட கடன் எந்த உடன்படிக்கையோடும் காலாவதியாவதில்லை.