மைதானத்து மழைக்கு ஒரு கிடங்கு

மாரி தொடங்கினால் மன்னார்த் தீவில் முதலில் தண்ணீருக்குள் போவது விளையாட்டு மைதானங்கள்தான். கோல் கம்பத்தைச் சுற்றி வெள்ளம் நிற்கும், பந்து உருளாது. “கடலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டால் சரி” என்பதுதான் வழக்கமாக எழும் யோசனை. தீவின் மண்ணையும் கிணறுகளையும் அறிந்தவர்கள் அதற்குமுன் சற்று நின்று யோசிக்க வேண்டும்.

ஏறத்தாழ 130 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள இத்தீவில் ஆறு இல்லை. பெரும்பகுதி, கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர் மட்டுமே உயர்ந்த மணல். ஆண்டுக்குச் சுமார் 1000 மில்லிமீற்றர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழிக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மணலுக்குள் இறங்கும் அந்த நீர், பாரமான உப்புநீரின்மேல் எண்ணெய்போல மிதந்து நிற்கிறது. இதன் கணக்கை 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஐரோப்பியப் பொறியியலாளர்கள் கண்டுவிட்டார்கள்: கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி ஆழம்வரை அது உப்புநீரைத் தள்ளிவைக்கும். மேலே ஓர் அடி குறைந்தால் கீழே 40 அடி போகும். அதனால் இந்தத் தீவில் வாய்க்கால்வழி கடலுக்குப் போகும் மழை, கோடையில் கிணற்றில் குறையும் நீர்.

100 மீற்றர் நீளமும் 70 மீற்றர் அகலமும் உள்ள மைதானத்தில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழுவது 3 இலட்சத்து 50 ஆயிரம் லீற்றர். மணல் இதைக் குடித்துவிடாதா? குடிக்கும், இளகியிருந்தால். கால்களும் உருளைகளும் வாகனங்களும் மிதித்து இறுக்கிய தரை குடிக்காது.

இதற்கு உலகில் பல ஊர்கள் கண்ட வழி, மைதானத்தின் ஓரத்தில் ஆழமில்லாத ஒரு கிடங்கை வெட்டி உள்ளூர்ச் செடிகளால் நிரப்புவது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் 1990ஆம் ஆண்டளவில் ஒரு குடியிருப்பில் வீட்டுக்கு வீடு இப்படி அமைத்தார்கள். ‘மழைத் தோட்டம்’ என்ற பெயர் அங்கிருந்துதான் பரவியது. சென்னை மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் பூங்காக்களில் மழைநீரை உறிஞ்சும் ‘பஞ்சுப் பூங்கா’க்களை அமைத்துவருகிறது. கொழும்பை அடுத்த பெத்தகான ஈரநிலப் பூங்காவில் மக்கள் உலாவும் பாதைக்குக் கீழேயே நகரத்தின் வெள்ளம் தங்குகிறது.

வேலையைச் செய்வது வேர். செடி வளர வளர மண்ணைத் துளைக்கிறது. பழைய வேர் மக்கினால் அந்த இடம் நீர் இறங்கும் குழாயாகிறது. வெட்டிவேரின் வேர்கள் மூன்று மீற்றர்வரை நேராக இறங்கக்கூடியவை. கோரையும் அருகும் சில நாள் வெள்ளத்தில் நின்றாலும் அழுகுவதில்லை, கோடையில் காய்ந்தாலும் அடுத்த மழைக்குத் தளிர்க்கின்றன. கிடங்கின் அடியில் இவை. கரையில் உப்புக்காற்றைத் தாங்கும் பூவரசு. அதற்கு அப்பால் நிழலுக்கு உடை, பனை. கடலோர மைதானமென்றால் மணல்மேட்டைக் கட்டிப்பிடிக்கும் அடம்பன் கொடியையும் இராவணன் மீசையையும் பிடுங்காமல் விட்டாலே பாதி வேலை முடிந்தது. சீமைக் கருவேலை மட்டும் அருகில் விடக்கூடாது. மன்னார் முழுவதும் அது ஏற்கெனவே பரவி நிலத்தை விழுங்கிக்கொண்டிருக்கிறது.

மன்னாருக்கென்று சில கவனங்கள் உண்டு. மாரியில் நிலத்தடி நீர் மிக மேலே வந்துவிடுவதால் ஆழமாக வெட்டினால் கிடங்கு குளமாகிவிடும். ஒரு முழத்துக்குள் நிறுத்தி, அகலத்தைக் கூட்டி, வெட்டிய மணலால் விளையாடும் தரையை உயர்த்துவதே நல்லது. பெருமழையில் மிஞ்சும் நீர் அயலில் உள்ள தரவைக்கோ குளத்துக்கோ போக ஒரு வழி வேண்டும். மழை விட்டு இரண்டு நாளுக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் நுளம்புக்கு இடமில்லை, ஏனெனில் முட்டை நுளம்பாக ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மலசலகூடக் குழி பக்கத்தில் இருக்கக் கூடாது. இந்த மணல் நல்ல நீரைப்போலவே அழுக்கையும் விரைவாகக் கிணற்றுக்குக் கொண்டுபோகும். ஆடுகளும் கட்டாக்காலிக் கழுதைகளும் இளஞ்செடிகளை விட்டுவைக்காது. முதல் இரண்டு வருடத்துக்காவது கருக்குமட்டை வேலி கட்டாயம்.

தீவின் முழு வெள்ளத்தையும் இந்தக் கிடங்குகள் தீர்த்துவிடும் என்று சொல்வது பொய்யாகும். 2020 டிசம்பரில் இங்கு திறக்கப்பட்ட தம்பபவனி காற்றாலைப் பண்ணைக்கு 30 கோபுரங்கள் எழுந்தன. அவற்றுக்கான பாதைகளும் மேடைகளும் மழைநீரின் பழைய ஓட்டத்தை மறிக்கின்றன என்பது மக்களின் முறைப்பாடு. மறித்த பாதைக்கு மதகுதான் மருந்து, செடி அல்ல. ஆனால் மைதானத்தில் விழுந்த மழையை மைதானத்திலேயே இறக்குவதற்குப் பெரிய திட்டமும் பணமும் தேவையில்லை. மண்வெட்டிகளும், ஊர் வேலியோரத்தில் கிடைக்கும் செடிகளும், ஒரு விளையாட்டுக் கழகத்தின் இளைஞர்களும் போதும். கழகங்களும் நகர சபையும் பிரதேச சபைகளும் ஆளுக்கொரு மைதானத்தில் இதைத் தொடங்கிப் பார்க்கலாம். கிடங்கை ஆவணியில், நிலம் காய்ந்திருக்கும்போதே வெட்ட வேண்டும்; செடிகளை ஐப்பசியின் முதல் மழையோடு நட வேண்டும்.