தொடர்வழிச் செய்தி தடுமாறுவது ஏன்?

புதுவை மக்களுக்குப் பிரெஞ்சுப் பெயர்கள் புதியன அல்ல. ஆயினும், கம்பிவழிச் செய்தியின் வேகத்தை அளக்கும் 'பாட்' என்னும் அலகு, 1874-இல் தம் தந்திமுறைக்குக் காப்புரிமை பெற்ற எமில் போதோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளரின் பெயரால் அமைந்தது என்பதை நம் மாணவர் பலர் அறியார்.

சில ஆண்டுகட்கு முன் நம் நகர மாணவர் ஒருவர், 8051 இனத்து நுண்கட்டுப்படுத்திகளில் நிரல் பதிக்கும் பழைய கருவி ஒன்றைக் கொணர்ந்து, "ஐயா, இது செத்துவிட்டது" என்றார். செயல்முறைத் தேர்வுக்கு இரண்டே நாள். புதிது வாங்க வசதியில்லை. கணிப்பொறித் திரையில் எழுத்துகளுக்கு மாறாகப் பொருளற்ற குறிகள் தோன்றின. நமக்கோ அதுவே நற்செய்தி. உளறுவதற்கும் உயிர் வேண்டுமல்லவா?

முதலில் கருவியைக் கழற்றிவிட்டு, வடத்தின் மறுமுனையிலிருந்த ஒன்பது ஊசிச் செருகியில் 2, 3 ஆகிய ஊசிகளைச் சிறு கம்பியால் இணைத்தோம். தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வந்தது. கணிப்பொறியிலும் அவ்விரு கம்பிகளிலும் குற்றமில்லை. பொதுத்தரையாகிய 5-ஆம் ஊசி அறுந்திருந்தாலும் உளறல் தோன்றும்; அதையும் மீட்டரால் அளந்தோம். பின்னர் மின்னழுத்தம். ஆர்எஸ்-232 முறையில் ஓய்வுநிலைக் கம்பி 3 முதல் 15 வோல்ட் வரை எதிர்மின்னழுத்தம் காட்டும். சில்லுக்கோ 5 வோல்ட் மொழி மட்டுமே தெரியும். ஆனந்தரங்கப் பிள்ளையைப் போல் இருபுறமும் மொழிபெயர்க்கும் துபாஷி, மேக்ஸ்-232 என்னும் சில்லு. அதுவும் நலமே.

எஞ்சியது படிகம். முன்பு பழுது பார்த்தவர், 11.0592 மெகாஹெர்ட்ஸ் படிகத்துக்கு மாற்றாக, 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைப் பொருத்தியிருந்தார். முழு எண் சிறந்ததெனக் கருதினார் போலும்! இக்கருவியின் சில்லு படிகத் துடிப்பை 12-ஆலும், 32-ஆலும், நிரலில் இட்ட 3-ஆலும் வகுத்து வேகத்தைப் பெறுகிறது. பழைய படிகத்தில் விடை மிகச் சரியாக 9600. புதியதில் ஏறத்தாழ 10,417. வேறுபாடு 8.5 விழுக்காடு.

இஃது அற்பமன்று. தொடக்கம், எட்டுத் தரவு, முடிவு என ஓர் எழுத்துக்குப் பத்து பிட்டுகள். தொடக்கத்தில் மட்டுமே இருபுறமும் காலம் ஒத்துக்கொள்கின்றன. ஆறாம் பிட்டை எட்டுமுன் பிறழ்ச்சி அரை பிட்டாகிவிட, பின்வருவன மாறிப் படிக்கப்படுகின்றன. பழைய அளவுப் படிகத்தை மீண்டும் பற்றவைத்தோம்; அன்று மாலையே கருவி நிரலை ஏற்றது.

இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் ஒன்பது ஊசிச் செருகி இல்லை. யுஎஸ்பி மாற்றி தேவை. வாங்குமுன், அது ஆர்எஸ்-232 அழுத்தம் தருவதா, 5 வோல்ட் தருவதா என்று கேட்டறிக. முன்னதைத் துபாஷியின்றிச் சில்லோடு நேரே இணைத்தால், சில்லு மெய்யாகவே செத்துவிடக் கூடும்.