வெள்ளிமலையில் பனி பெய்தது!

கல்வராயன் மலையில் 'வெள்ளிமலை' என்று ஓர் ஊர் இருக்கிறது. பேரைக் கேட்டால் கைலாசம் மாதிரி பனி மூடிக் கிடக்கும் என்று தோணும். போய்ப் பார்த்தால் மரவள்ளிக்கிழங்கும் கடுக்காயும்தான். மார்கழியில் மூடுபனி உண்டு, மஃப்ளர் உண்டு, மூக்கடைப்பு உண்டு. வெண்பனி மட்டும் கிடையாது.

அந்த வெள்ளிமலையில் போன மார்கழியில் பனி கொட்டியது சார்! அதுவும் முழங்கால் அளவுக்கு. நடுவிலே ஒரு ரயில் வேறு வளைந்து வளைந்து போயிற்று. நானே கண்ணால் பார்த்தேன்.

பார்க்காமல் என்ன? கொட்டியதே நான்தானே! கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில், நாலடிக்கு மூன்றடி பிளைவுட் பலகை மேலே!

இந்த வியாதி தொற்றியது ஆபீஸில்தான். மதியம் டிபன் பாக்ஸைத் திறந்த நேரம், பக்கத்து சீட் நண்பர் செல்போனை நீட்டி, "சார், இது எந்த ஊர்னு சொல்லுங்க" என்றார். பனிமலை. சரிவில் ஊசியிலை மரங்கள். குகையிலிருந்து சிவப்பு ரயில் ஒன்று வெளியே வந்து, பாலத்தைத் தாண்டி, மறுபடி மலைக்குள் போனது. "சுவிட்சர்லாந்து" என்றேன், சினிமா டூயட் பார்த்த அனுபவத்தில்.

"பாதி கரெக்ட். சுவிட்சர்லாந்துதான். ஆனா ஜெர்மனியிலே, ஒரு பழைய கோடவுன் மாடியிலே இருக்கு!"

எலுமிச்சை சாதம் தொண்டையில் நின்றுவிட்டது.

ஹாம்பர்க் நகரத்தில் இருக்கும் 'மினியேச்சர் வுண்டர்லாண்ட்' அது. பிரெடெரிக் பிரவுன், கெரிட் பிரவுன் என்று இரட்டைப் பிள்ளைகள். டிஸ்கோ கிளப் நடத்திக்கொண்டிருந்தவர்கள். 2000-ஆம் வருடம் பிரெடெரிக் சூரிச் நகரத்துக்கு விடுமுறையில் போனார். அங்கே ஒரு பொம்மை ரயில் கடைக்குள் நுழைந்தார். சின்ன வயசு ஆசை திரும்பி வந்துவிட்டது. உடனே தம்பதி சமேதராய்... மன்னிக்கவும், சகோதர சமேதராய் இறங்கினார்கள். 2001 ஆகஸ்டில் திறந்தே விட்டார்கள். இன்று உலகத்திலேயே பெரிய மாதிரி ரயில் அமைப்பு அதுதான்.

அங்கே எல்லாம் 87-இல் ஒரு பங்கு அளவு. ஆறடி ஆசாமி இரண்டு சென்டிமீட்டர் சொச்சம்தான் இருப்பார். அப்படிப்பட்ட குட்டி ஜனங்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். 2011 கணக்கெடுப்பில் நம் கள்ளக்குறிச்சி நகரத்து ஜனத்தொகை 52 ஆயிரத்துச் சொச்சம். அதாவது, கிட்டத்தட்ட ஐந்து கள்ளக்குறிச்சி அந்தக் கோடவுனுக்குள் குடியிருக்கிறது!

தண்டவாளத்தின் நீளம் சுமார் 16 கிலோமீட்டர். இந்த இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்கு ரயில் பாதை போட வேண்டிய தூரமும் 16 கிலோமீட்டர்தான்!

நான் வளர்ந்த காலத்தில் எங்கள் ஊரில் ரயில் கிடையாது. ரயில் பார்க்க வேண்டுமானால் அப்பா பஸ்ஸில் சின்னசேலம் கூட்டிப் போவார். அப்போது அங்கே மீட்டர் கேஜ். பிளாட்பாரத்தில் நின்று ஒரு வண்டி வருவதைப் பார்ப்போம், போவதைப் பார்ப்போம், ஒரு டீ, ஒரு வடை, திரும்பிவிடுவோம். "நம்ம ஊருக்கும் வந்துரும்டா" என்பார். வருடா வருடம் சொன்னார். நான் ரிப்போர்ட் கார்டில் கையெழுத்து வாங்கிய காலத்தில் சொன்னார், என் பையன் ரிப்போர்ட் கார்டில் நான் கையெழுத்துப் போடும்போதும் சொன்னார்.

சரி, வருகிறபோது வரட்டும். நாமே ஒன்று விட்டால் என்ன?

மலையைச் சுருக்குவது எப்படி?

கல்வராயன் மலையை 3,000 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 87-ஆல் வகுத்தால் 34 அடி. மூன்று மாடி வீட்டு உயரம்! மொட்டைமாடி அறையில் எங்கே வைப்பது? ஹாம்பர்க்காரர்களுக்கும் இதே தலைவலிதான். சுவிட்சர்லாந்தின் மேட்டர்ஹார்ன் சிகரம் 4,478 மீட்டர். கணக்குப்படி செய்தால் 51 மீட்டர் வரும். அவர்கள் ஏறக்குறைய 6 மீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். அதற்கே மாடியின் தரையில் ஓட்டை போட வேண்டியிருந்தது! ஆனால் பார்க்கிறவனுக்குக் குறை தெரியாது. கீழே ரயிலும் வீடும் சரியான அளவில் இருந்தால், மலை எவ்வளவு பெரிசு என்பதைக் கண்ணே முடிவு பண்ணிக்கொள்கிறது.

ரயில் வேகத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஊட்டி மலை ரயிலையே எடுத்துக்கொள்வோம். மேட்டுப்பாளையம்–ஊட்டி 46 கிலோமீட்டர், ஏறுவதற்கு ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம்தான் குறைச்சல். சராசரி மணிக்குப் பத்து கிலோமீட்டர்கூட இல்லை. பன்னிரண்டு அடிக்கு ஓரடி ஏற்றம். அதற்காகவே தண்டவாளத்துக்கு நடுவே பல்சட்டம், அதைப் பல்சக்கரம் கவ்விக்கவ்வி ஏறும். அந்த 'எக்ஸ்' ரக எஞ்சின்களை முதலில் செய்து அனுப்பியது சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரம். பின்னாளில் நம் திருச்சி பொன்மலை பணிமனையிலேயே கட்டினார்கள். இந்த வேகத்தைச் சுருக்கினால் வினாடிக்கு மூன்று சென்டிமீட்டர். எறும்பு ஊர்கிற வேகம்! பொம்மை ரயில் நிஜமாய்த் தெரிய வேண்டுமானால் மெதுவாக ஓட வேண்டும். 'விர்'ரென்று சுற்றினால் அது பிறந்தநாள் பரிசு, மலை ரயில் இல்லை.

பனி படுத்திய பாடு

கோழிக்கூண்டு வலையை வளைத்து, பழைய நியூஸ்பேப்பர் ஒட்டி, மேலே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசினேன். மலை ரெடி. அலுமினியத் தாளைக் கசக்கி அதில் சாந்தை ஊற்றி எடுத்தால் அசல் பாறை! மரத்துக்குப் பாட்டில் கழுவும் பிரஷ். வெட்டிப் பச்சைச் சாயத்தில் முக்கினால் ஊசியிலை மரம்.

"என்னங்க, ஃபிளாஸ்க் கழுவற பிரஷ்ஷைக் காணோமே?"

"ஆல்ப்ஸ் மலையிலே இருக்கு."

அன்று சாயங்காலம் காபி வரவில்லை.

பனிக்கு முதலில் மைதா. மின்னட்டுமே என்று மேலே கொஞ்சம் சர்க்கரை. காலையில் பார்த்தால் மலை முழுக்க எறும்பு ஊர்வலம். ஐந்து மில்லிமீட்டர் எறும்பு அந்த அளவில் ஒன்றரை அடி நீளம்! பிளாட்பாரத்தில் நிற்கிற பயணி என்ன ஆவான்? அடுத்தது ஆப்ப சோடா. பழைய மாதிரி ரயில் பிரியர்களின் வைத்தியம் அது. ஈரம் இழுத்து, கட்டி தட்டி, மஞ்சள் பூத்து, பனிமலை பூசணி மலையாகிவிட்டது. தண்டவாளத்தில் படிந்து ரயிலும் நின்றுபோயிற்று.

வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். மனைவி எட்டிப் பார்த்து, "ஏங்க, கோலமாவு இருக்கே?" என்றாள்.

அடடா! கல் அரைத்த வெள்ளைக் கோலமாவு! எறும்பும் சீந்தாது, ஈரத்துக்கும் இளகாது. ஃபெவிகாலில் தண்ணீர் கலந்து மலைமேல் தடவி, டீ வடிகட்டியால் சலித்தாள் பாருங்கள்... நிஜமாகவே பனி விழுந்தது சார். மார்கழி மாசம் வாசலில் விழ வேண்டியது மலைமேல் விழுந்தது.

அப்புறம்தான் ஹாம்பர்க் படத்தை மறுபடி நிதானமாகப் பார்த்தேன். என்ன கவனிப்பு! செங்குத்துப் பாறையில் பனி நிற்காது. அங்கே கறுப்புத் தெரிகிறது. வெயில் படும் தெற்குச் சரிவில் முதலில் உருகும், அங்கே பனி மெல்லிசு. ஓட்டுக் கூரைமேல் கனம், தாழ்வாரத்துக்குக் கீழே சுத்தம். தண்டவாளத்து நடுவே பழுப்பு. நிழலில் பனி வெள்ளையே இல்லை, லேசான நீலம்! பனியே பார்க்காதவன் எல்லா இடத்திலும் ஒரே வெள்ளையாய் அப்பிவிடுவான், நான் அப்பினது மாதிரி. அரை சென்டிமீட்டர் கனம் போட்டாலே அந்தக் குட்டி மனிதருக்கு முழங்கால் அளவு என்ற கணக்குகூட அப்போதுதான் உறைத்தது.

பாதியைச் சுரண்டினேன். மறுநாள் விடியற்காலை மொட்டைமாடியில் நின்று, நாற்பது வருஷமாய்ப் பார்க்கிற கல்வராயன் மலையை முதல் தடவையாகப் பார்த்தேன். எந்த மடிப்பில் மூடுபனி தங்குகிறது, எந்த முகட்டில் முதலில் விலகுகிறது என்று குறித்துக்கொண்டு வந்து, அதே மடிப்பில் மாவைத் தூவினேன். மலை நிமிர்ந்து நின்றது.

ஸ்டேஷன் எங்கடா?

அப்பாவுக்கு இப்போது மாடி ஏற முடியாது. முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை, பையனும் நானுமாகப் பலகையைக் கீழே இறக்கி ஹாலில் வைத்தோம். விளக்கை அணைத்து, டேபிள் லாம்பை மட்டும் போட்டேன். ரயில் கிளம்பியது. பனிக்கு நடுவே ஊர்ந்து, குகைக்குள் போய், அந்தப் பக்கம் வந்தது.

அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று சுற்று பார்த்தார். பனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஸ்டேஷன் எங்கடா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மலை, குகை, மரம், பனி எல்லாம் வைத்தவன் ஸ்டேஷன் வைக்கவே இல்லை!

"நிக்காத ரயிலாலே ஊருக்கு என்னடா பிரயோஜனம்?"

அன்று ராத்திரியே உட்கார்ந்தேன். தீப்பெட்டி அட்டையில் பிளாட்பாரம். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்தில் 'கள்ளக்குறிச்சி'. பிளாட்பாரத்தில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் வேட்டி சட்டையோடு ஒருவர். அவர் கையைப் பிடித்துக்கொண்டு டிராயர் போட்ட ஒரு பொடியன்.

காலையில் அப்பாவைக் கூப்பிட்டேன். ரயில் வந்தது, நின்றது. குனிந்து பார்த்தார்.

"இது யாருடா?"

"நீங்கதாம்பா. பக்கத்திலே நான்."

ரொம்ப நேரம் அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்:

"பனியிலே நிக்கறான். பையனுக்கு ஒரு துண்டாவது போர்த்தி விடுடா!"