ஒற்றைப்பலகைக் கணிப்பொறியில் இயக்கமுறைமை மாற்றமும் மொழித்தரவின் பாதுகாப்பும்

1. முன்னுரை

செயலி, நினைவகம், இணைப்பு வாயில்கள் ஆகிய அனைத்தும் ஒரே மின்சுற்றுப் பலகையின்மீது அமைந்த சிறு கணிப்பொறி, ஒற்றைப்பலகைக் கணிப்பொறி எனப்படும். இவ்வகையுள் பரவலாக அறியப்பட்ட ராஸ்பெரி பை 2012 பிப்ரவரி 29-இல் பிரிட்டனில் விற்பனைக்கு வந்தது. மாணவர்கள் நிரலாக்கம் பயில்வதற்கென உருவாக்கப்பட்ட இப்பொறி, விலைக் குறைவு, மின்செலவுக் குறைவு, உருவச் சிறுமை ஆகிய இயல்புகளால் மொழிப்பணிக்கும் ஏற்றதாக உள்ளது. களப்பணியில் பதிவுசெய்த பேச்சொலிகளைத் தொகுத்து வைத்தல், கலைச்சொற் பட்டியலை ஒரு குழுவினர் பகிர்ந்து பயன்படுத்துதல், தொடரடைவு உருவாக்குதல் முதலிய பணிகளை இது செய்யவல்லது.

இப்பொறியில் இயக்கமுறைமையும் பயனரின் தரவும் பெரும்பாலும் விரல்நகம் அளவுள்ள ஒரே நினைவட்டையில் தங்கியுள்ளன. ஆகவே இயக்கமுறைமையை மாற்ற முற்படுவோர் தரவின்மீதும் கைவைப்பவராகின்றனர். மாற்றத்திற்குப்பின் கணிப்பொறி மீண்டும் இயங்கிவிட்டால் பணி முடிந்தது எனக் கருதுவது இயல்பு. மொழித்தரவைப் பொறுத்தவரை அது போதாது. பொறி பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்கும்போதே சொற்களின் வரிசை, எழுத்துகளின் எண்ணிக்கை, தேடலின் விடை ஆகியன மாறிவிடக்கூடும். இத்தகைய மாற்றங்கள் எவ்வாறு நேர்கின்றன, அவற்றினின்றும் தரவைக் காப்பது எங்ஙனம் என்பனவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. ஒரு சொல், மூன்று செயல்கள்

ஆங்கிலத்தில் அப்டேட், அப்கிரேட் என இரு சொற்கள் வழங்குகின்றன. தமிழில் இவ்விரண்டிற்கும் 'புதுப்பித்தல்', 'மேம்படுத்தல்' என்னும் சொற்கள் ஒன்றற்கு மற்றொன்றாக மாறி வருவதுண்டு. ராஸ்பெரி பையின் இயக்கமுறைமை, லினக்ஸ் வகையைச் சார்ந்த டெபியனை அடிப்படையாகக் கொண்டது. அதனுள் ஒன்றோடொன்று மயங்கக்கூடிய மூன்று செயல்கள் உள்ளன.

அ) பட்டியல் புதுப்பித்தல்: எந்தெந்த மென்பொருள் தொகுப்பு எந்த நிலையில் கிடைக்கிறது என்னும் பட்டியலை மட்டும் இணையத்திலிருந்து பெறுதல். இதனால் பொறியிலுள்ள எந்த நிரலும் மாறுவதில்லை. இச்செயலுக்குரிய கட்டளைச் சொல் அப்டேட் என்பதாகும். நிரல்களே புதுப்பிக்கப்பட்டன என எண்ணுமாறு ஆங்கிலச் சொல்லே பயனரை மயக்கவல்லது.

ஆ) தொகுப்பு மேம்படுத்தல்: அதே பதிப்பிற்குள் இருந்துகொண்டு, பிழைதிருத்தமும் பாதுகாப்புத் திருத்தமும் செய்யப்பட்ட தொகுப்புகளை நிறுவுதல். இதற்கு இரு கட்டளைகள் உண்டு. அப்கிரேட் என்பது ஏற்கெனவே உள்ள எத்தொகுப்பையும் நீக்காது. ஃபுல்-அப்கிரேட் என்பது தேவை நேர்ந்தால் சிலவற்றை நீக்கவும் செய்யும். எனவே, நீக்கப்படவுள்ளவை எவை எனத் திரையில் தோன்றும் பட்டியலைப் படித்த பின்னரே இசைவு தருதல் வேண்டும்.

இ) பதிப்பு மாற்றம்: ஒரு டெபியன் பதிப்பிலிருந்து அடுத்த பதிப்பிற்குச் செல்லுதல். இதில் இயக்கமுறைமையின் கரு, நூலகங்கள், நிரல்மொழிகள், தரவுத்தளங்கள் ஆகியன ஒருசேர மாறுகின்றன.

முதலிரண்டும் அவ்வப்போது செய்யவேண்டிய பராமரிப்பு. மூன்றாவது ஒரு வீட்டைக் காலிசெய்து வேறு வீடு புகுவதை ஒத்தது. மூன்றையும் ஒரே சொல்லால் சுட்டும் கையேட்டைப் படிப்பவர், பராமரிப்பு என்றெண்ணிக் குடிபெயர்வைத் தொடங்கிவிட இடமுண்டு. ஆகவே மேற்கண்ட மூன்று தொடர்களையும் கலவாமல் ஆளுதல் மொழிபெயர்ப்பாளர்க்கு நடைச்சீர்மை மட்டுமன்றிப் பாதுகாப்பு பற்றிய கடமையும் ஆகும்.

3. பதிப்புகளும் பெயர்களும்

டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' திரைப்படங்களின் பாத்திரப் பெயர்கள் சூட்டப்படுகின்றன. ஸ்ட்ரெச் (2017), பஸ்டர் (2019), புல்ஸ்ஐ (2021), புக்வர்ம் (2023), டிரிக்ஸி (2025) என்பன அண்மைக்காலப் பதிப்புகள். இவை சிறப்புப் பெயர்களாதலின் மொழிபெயர்க்கத்தக்கன அல்ல. புக்வர்ம் என்பதை 'நூற்புழு' எனப் பெயர்த்தெழுதினால், மென்பொருள் எங்கிருந்து பெறப்படவேண்டும் எனக் குறிக்கும் கோப்பில் எப்பெயரை இடுவது என்பது பயனருக்குத் தெரியாமற் போகும்.

ராஸ்பெரி பைக்குரிய வடிவம் தொடக்கத்தில் ராஸ்பியன் எனப்பட்டது. 2020-இல் அது ராஸ்பெரி பை ஓ.எஸ். எனப் பெயர் மாற்றம் பெற்றது. புக்வர்ம் அடிப்படையிலான வடிவம் 2023 அக்டோபரிலும், டிரிக்ஸி அடிப்படையிலான வடிவம் 2025 அக்டோபரிலும் வெளிவந்தன.

ஒரே அட்டையில் பழைய பதிப்பின்மீதே புதியதை ஏற்றுதல் இயலாததன்று. ஆயினும் ராஸ்பெரி பை நிறுவனம் பரிந்துரைப்பது வேறோர் அட்டையில் புதிதாக நிறுவும் முறையையே. இதற்குக் காரணம் உண்டு. அதே அட்டையில் மாற்றும்போது நூற்றுக்கணக்கான தொகுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்படுகின்றன. இடையில் மின்சாரம் தடைப்படின் பாதி பழையதும் பாதி புதியதுமான நிலை ஏற்படும். மேலும் புக்வர்மில் தொடக்கக் கோப்புகள் இருக்கும் இடம் மாறியது. வலையிணைப்பை நிர்வகிக்கும் மென்பொருளும் மாறியது. பழைய அமைப்புக் கோப்புகள் இம்மாற்றங்களோடு பொருந்தாமற் போகலாம். வேறோர் அட்டையில் நிறுவினால் பழைய அட்டை தொடப்படுவதில்லை. அதுவே திரும்பிவரும் வழியாக அமைகிறது.

4. மொழித்தரவில் நேரும் பிறழ்ச்சிகள்

4.1 அகரவரிசை

தமிழ் எழுத்துகள் யூனிகோடில் பெற்றுள்ள குறியெண் வரிசை, நெடுங்கணக்கு வரிசையோடு முற்றும் ஒத்ததன்று. யூனிகோடில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் உள்ளன. ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னர் வருகின்றன. ஆய்தம் உயிரெழுத்துகளுக்கு முன்னர் உள்ளது. ஜகரம் சகரத்திற்கும் ஞகரத்திற்கும் இடையில் அமைந்துள்ளது. இதன் விளைவைக் கீழ்வரும் எடுத்துக்காட்டு உணர்த்தும்.

அகராதி வரிசை: அவை, அழகு, அளவு, அறம், அன்பு.
குறியெண் வரிசை: அன்பு, அறம், அளவு, அழகு, அவை.

இவ்வைந்து சொற்களின் வரிசை முற்றிலும் தலைகீழாகிவிடுவதைக் காணலாம். புதிதாக நிறுவப்பட்ட ராஸ்பெரி பை ஓ.எஸ். பிரிட்டானிய ஆங்கிலத்தை இயல்பான மொழிச்சூழலாகக் கொண்டது. பழைய அட்டையில் தமிழ் மொழிச்சூழல் அமைக்கப்பட்டிருந்தால் புதியதிலும் அதனைத் தனியே அமைத்தல் வேண்டும். தவறினால் அகராதிப் பணியில் முன்னும் பின்னும் வெவ்வேறு வரிசை கிடைக்க இடமுண்டு.

வரிசை முறை மாறுவதால் நேரும் மற்றொரு தீங்கு இதனினும் நுட்பமானது. லினக்ஸ் வகைப் பொறிகளில் சொற்களை வரிசைப்படுத்தும் விதிகளைத் தருவது குனூ திட்டத்தின் சி மொழி நூலகமாகும். 2018 ஆகஸ்டில் வெளிவந்த அதன் 2.28 என்னும் பதிப்பில் வரிசைப்பட்டியல் பெருமளவில் திருத்தப்பட்டது. ஸ்ட்ரெச்சில் 2.24 என்னும் பதிப்பு இருந்தது, பஸ்டரில் 2.28 இடம்பெற்றது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளங்கள் சொற்களை விரைந்து தேடுவதற்காக அவற்றை அந்நூலகத்தின் விதிப்படி அடுக்கி ஒரு சுட்டியை வட்டில் எழுதி வைக்கின்றன. பழைய விதிப்படி எழுதிய சுட்டியைப் புதிய விதிப்படி தேடினால், இருக்கும் சொல்லே இல்லை என்னும் விடை வரலாம். ஒரு வரிசையில் அச்சிட்ட அகராதியை மற்றொரு வரிசையை மனத்திற்கொண்டு புரட்டுபவர் நிலை இதுவே. சொல் நூலில் உள்ளது. புரட்டுபவர் தேடும் பக்கத்தில் இல்லை.

இங்குப் பிழைச்செய்தி எதுவும் தோன்றாமலும் போகலாம் என்பது கருதத்தக்கது. ஒரு சொல் இல்லை எனக் கண்ட தொகுப்பாளர் அதனை மீண்டும் பதிவு செய்வார். ஒரே தலைச்சொல் இரு முறை இடம்பெறும்; இருவேறு பொருள் விளக்கங்களும் பெறும். சுட்டியை மீண்டும் உருவாக்குவதே இதற்குத் தீர்வு.

4.2 எழுத்தெண்ணிக்கை

பைத்தான் நிரல்மொழியின் இரண்டாம் தலைமுறைக்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிவுற்றது. புக்வர்ம் பதிப்பில் அது நீக்கப்பட்டுவிட்டது. பழைய சொல்லடைவு நிரல்கள் பல அதில் எழுதப்பட்டவை. அவற்றை மூன்றாம் தலைமுறைக்கு மாற்றும்போது நிரல் இயங்கினாலும் விடை மாறலாம். 'மொழி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தமிழிலக்கணப்படி இதில் எழுத்து இரண்டு. யூனிகோடுப்படி ம, ஒகரக் குறி, ழ, இகரக் குறி எனக் குறியெண் நான்கு. யூ.டி.எஃப்.-8 முறையில் சேமிக்கும்போது பைட்டு பன்னிரண்டு. இரண்டாம் தலைமுறையின் இயல்பான சரம் பைட்டுகளை எண்ணியது. மூன்றாம் தலைமுறையின் சரம் குறியெண்களை எண்ணுகிறது. ஒரே நிரல் முன்னர் 12 என்றும் பின்னர் 4 என்றும் கூறும். இரண்டும் தமிழ் எழுத்தெண்ணிக்கை அல்ல.

மேலும் 'மொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாலும் எழுதலாம். எகரக் குறி, கால் என இரு குறியெண்களாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டாம் முறையில் எழுதினால் அதே சொல்லின் குறியெண் ஐந்தாகும். ஒன்றைத் தேடினால் மற்றது கிடைக்காமற் போகலாம். தரவை ஒரு பொறியிலிருந்து மற்றொன்றிற்குக் கொண்டுசெல்லும் வேளை, இவ்விரு வடிவங்களுள் ஒன்றிற்கு அனைத்தையும் ஒருமைப்படுத்தத் தக்க காலமாகும். ஒருமைப்படுத்தாத மூலப் படியும் தனியே காக்கப்படவேண்டும்.

4.3 நாளும் நேரமும்

2023-இல் வந்த ராஸ்பெரி பை 5-க்கு முற்பட்ட வகைகளில் மின்தடையிலும் ஓடும் கடிகாரம் இல்லை; அவை வலையிணைப்பிலிருந்தே நேரத்தைப் பெறுகின்றன. ராஸ்பெரி பை 5-இலும் அதற்குரிய மின்கலத்தைத் தனியே பொருத்தவேண்டும். நாள் பின்தங்கியிருந்தால் மென்பொருட் பட்டியல் இன்னும் செல்லுபடியாகவில்லை எனப் பொறி மறுக்கும். களப்பதிவுகளின் கோப்புகளும் தவறான நாளைப் பெறும். ஆகவே பதிவு நாளைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவைப்பது நன்று.

5. மாற்றும் முறை

அ) பொறியின் வகையையும் புதிய பதிப்பையும் ஒப்பிட்டறிதல். 2012-ஆம் ஆண்டின் முதல் வகை 32 பிட்டு வடிவத்தை மட்டுமே ஏற்கும். ராஸ்பெரி பை 5, புக்வர்மிற்கு முற்பட்ட வடிவங்களில் இயங்காது. பழைய அட்டையைப் புதிய பொறியில் செருகினால் போதும் என்னும் எண்ணம் இதனால் பொய்க்கும்.

ஆ) தரவுத்தளத்தை அதன் ஏற்றுமதிக் கட்டளையால் எளிய உரைக்கோப்பாக வெளியெடுத்தல். தரவுத்தளத்தின் உட்கோப்புகளை அப்படியே படியெடுத்தல் போதாது. புக்வர்மில் போஸ்ட்கிரெஸ் 15-உம் டிரிக்ஸியில் 17-உம் உள்ளன. ஒன்றின் உட்கோப்புகளை மற்றது நேரே படிக்காது. உரைக்கோப்பை மீண்டும் உள்ளேற்றும்போது சுட்டிகள் புதிய விதிப்படி புதிதாக எழுதப்படுவதால் 4.1-இல் கூறிய தீங்கும் நீங்குகிறது.

இ) ஒலிக்கோப்புகள் உட்பட அனைத்துக் கோப்புகளுக்கும் சரிபார்ப்பு எண் கணித்து, அப்பட்டியலையும் கோப்புகளையும் வேறொரு வட்டில் படியெடுத்தல். ஒரு பைட்டு மாறினும் எண் மாறுமாதலால் படியின் உண்மையை இதனால் அறியலாம்.

ஈ) நிறுவிய மென்பொருட்களின் பட்டியல், மொழிச்சூழல் அமைப்பு, விசைப்பலகை அமைப்பு, எழுத்துருக்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுதல்.

உ) பொறியை முறையாக நிறுத்தி, அட்டையை வெளியே எடுத்து, பெயரும் நாளும் எழுதி வைத்தல். இயலுமாயின் அட்டை முழுவதற்கும் மற்றொரு கணிப்பொறியில் பிம்பப்படி எடுத்தல் நலம். ஒரே கொள்ளளவு எனக் குறிக்கப்பட்ட இரு நிறுவனங்களின் அட்டைகள் சிறிது வேறுபடுவதால், பிம்பத்தைச் சற்றே சிறிய அட்டையில் எழுத இயலாமற் போகும்.

ஊ) புதிய அட்டையில் ராஸ்பெரி பை இமேஜர் என்னும் நிரலால் புதிய பதிப்பை எழுதி, பொறியில் இட்டு, பட்டியல் புதுப்பித்தலையும் தொகுப்பு மேம்படுத்தலையும் செய்தபின் தரவை உள்ளேற்றுதல். மின்வழங்கி போதிய ஆற்றலுடையதாக இருத்தல் இன்றியமையாதது.

எ) பழைய பைத்தான் நிரல்களுக்கு வேண்டிய கூறுகளைத் தனிச் சூழலில் நிறுவுதல். புக்வர்ம் முதற்கொண்டு, பைத்தான் கூறுகளைப் பொதுச்சூழலில் நேரே நிறுவுவதை இயக்கமுறைமை தடுக்கிறது. இத்தடையை வலிந்து மீறும் வழி இருப்பினும் அதனைக் கையாளாதிருப்பதே பாதுகாப்பு.

6. சரிபார்த்தல்

மாற்றத்திற்கு முன்னரே ஒரு சான்றுப் பட்டியல் உருவாக்கப்படவேண்டும். அதில் ஆய்தம் பயின்ற சொற்கள், கிரந்த எழுத்துச் சொற்கள், ழ ள ற ன வரும் சொற்கள், ஒகர ஓகார ஔகாரக் குறிகள் இரு முறையிலும் எழுதப்பட்ட சொற்கள் ஆகியன இடம்பெறவேண்டும். இப்பட்டியலைப் பழைய அட்டையில் வரிசைப்படுத்தியும் எண்ணியும் தேடியும் பெற்ற விடைகளைச் சேமித்து, புதிய அட்டையில் பெற்ற விடைகளோடு ஒப்பிடவேண்டும். பதிவுகளின் மொத்த எண்ணிக்கையும் சரிபார்ப்பு எண்களும் ஒத்துவரவேண்டும். வேறுபாடு தோன்றினால், புதிய விடையே சரியானதாகவும் இருக்கக்கூடும். எனினும் காரணம் அறியாமல் பணியைத் தொடர்தல் ஆகாது. ஒப்பீடு முடிந்து, வழக்கமான பணிகள் ஒரு சுற்று நிறைவேறும்வரை பழைய அட்டையை அழித்து வேறு பயனுக்கு எடுக்கலாகாது.

7. முடிவுரை

ஒற்றைப்பலகைக் கணிப்பொறி மலிவானது. அட்டை அதனினும் மலிவானது. அதில் உறையும் பேச்சுப்பதிவு அத்தகையதன்று. பேசியவர் மறைந்தபின் அப்பதிவை மீண்டும் பெறுதல் இயலாது. இயக்கமுறைமையைக் காலத்தோடு மாற்றாதிருப்பதும் இதற்குத் தீர்வாகாது. டெபியன் திட்டம் ஒவ்வொரு பதிப்பிற்கும் முதல் மூன்றாண்டு முழுமையாகவும், அடுத்த ஈராண்டு குறைந்த அளவிலும் பாதுகாப்புத் திருத்தம் வழங்குகிறது. அதன்பின் வலையில் இணைந்த பொறி காப்பற்றதாகிறது. ஆகவே மாற்றம் தவிர்க்க இயலாதது. பழைய அட்டையைத் தொடாமல் வைத்தல், தரவை எளிய உரையாக எடுத்துச் செல்லுதல், மொழியறிவு கொண்டு விடைகளை ஒப்பிடுதல் ஆகிய மூன்றும் அமைந்தால் அம்மாற்றம் பாதுகாப்பானதாகும். இவற்றுள் மூன்றாவதனைக் கணிப்பொறி வல்லுநர் மட்டும் செய்துவிட இயலாது. அழகு முன்னா அளவு முன்னா என்பதைத் தீர்மானிக்க மொழியறிந்தோர் அருகில் இருத்தல் வேண்டும்.