முருகைக்கல் இழையத்தில் ஒளிரும் ஆர்.என்.ஏ.

கப்பல்துறைக்கு வடக்கே, நிலாவெளிக் கரைக்கு எதிரே, 2003இல் தேசியப் பூங்காவான புறாத்தீவைச் சூழ்ந்துள்ள முருகைக்கற்களின் உயிருள்ள பகுதி, சுண்ணாம்புக் கூட்டைப் போர்த்திய மெல்லிய இழையமே ஆகும். அதில் குடியிருக்கும் பற்றீரியாக்களிற் பல ஆய்வுகூடத்தில் வளர்வதில்லையாதலால், அவை இழையத்தின் எப்பகுதியில் உள்ளன என்பதை அவற்றின் ஆர்.என்.ஏ.யைக் கொண்டே அறிய வேண்டியுள்ளது.

எளிதிற் சிதையும் ஆர்.என்.ஏ. இருந்த இடத்திலேயே நிலைபெறும்படி, இத்தகைய ஆய்வுக்கென அனுமதியுடன் எடுக்கப்படும் முருகைக்கல் துண்டு உடனடியாக ஃபோமல்டிஹைட்டுக் கரைசலில் இடப்பட்டு, அதன் சுண்ணாம்பு ஈ.டி.டி.ஏ. கரைசலில் மெல்லக் கரைக்கப்பட்ட பின், எஞ்சும் இழையம் மெழுகில் பதிக்கப்பட்டுச் சீவப்படுகிறது. சீவலின் மீது இடப்படும் துருவி, ஒளிர்சாயம் பிணைக்கப்பட்ட குறுகிய டீ.என்.ஏ. இழையாகும்; தனக்குப் பொருந்தும் தொடருள்ள ஆர்.என்.ஏ.யுடன் அது பிணைந்து, நுணுக்குக்காட்டியில் ஒளிர்கிறது. பெரும்பாலான பற்றீரியாக்களுக்குப் பொருந்துவதும் 1990இல் வெளியிடப்பட்டதுமான ஈயூபி338 என்னும் துருவி 18 எழுத்துகளே கொண்டது. கலத்துக்குள் ஆயிரக்கணக்கிலுள்ள இறைபோசோம்களின் ஆர்.என்.ஏ.யை அது நாடுவதால், தனியொரு கலமும் புலப்படக்கூடும்.

ஆயினும் முருகைக்கல் ஆய்வாளரை எளிதில் ஏமாற்றிவிடும். அதன் புரதங்கள் சில தாமாகவே பச்சையாக ஒளிர்கின்றன; கொட்டும் கலங்களோ பொருத்தம் பாராமலே துருவியைப் பற்றிக்கொள்கின்றன. எனவே ஈயூபி338க்கு எதிரிணையாக, பற்றீரியா ஆர்.என்.ஏ.யுடன் பிணையாதவாறு அமைந்த நொன்338 என்னும் துருவி அடுத்த சீவலில் இடப்படுகிறது. அங்கும் ஒளிரும் புள்ளிகள், எவ்வளவு அழகாகத் தோன்றினும், கணக்கில் சேர்க்கப்படுவதில்லை.